கோணல் மரத்தில் ஆடாத முக்காலி

மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் கண்மாய்க் கரையில் சீமைக் கருவேலம் நிற்கிறது. வெட்டினால் விறகு, மூட்டம் போட்டால் கரி. அதற்கு மேல் அதை யாரும் மரமாக மதிப்பதில்லை. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் இதை அகற்றச் சொன்னபோது பொக்லைன் வைத்துப் பிடுங்கிய மரம் பெரும்பாலும் சூளைக்கும் கரிக்கும்தான் போனது. காரணம் எளிது. நேராக நாலடி கிடைக்காத மரத்தை மில்லிலும் ஏற்ற மாட்டார்கள், அச்சில் வார்த்ததுபோல் நூறு நாற்காலி செய்யும் பட்டறையிலும் சேர்க்க மாட்டார்கள்.

ஆனால் இதன் வைரம், அதாவது நடுவில் முற்றி நிறம் ஏறிய பகுதி, கடினமானது, கனமானது. அதைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு. எந்த மரமும் காயும்போது சுருங்கும். பெரும்பாலான மரங்கள் ஆண்டு வளையத்தின் போக்கில் அதிகமாகவும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் ஏறக்குறைய பாதியும் சுருங்கும். இந்த ஏற்றத்தாழ்வால்தான் பலகை வளைகிறது, கட்டை பிளக்கிறது. சீமைக் கருவேலத்தில் சுருக்கமே குறைவு; இரண்டு திசைக்கும் உள்ள வித்தியாசமும் குறைவு. கணுவும் வளைவுமாக இருந்தாலும் காய்ந்தபின் அடங்கி நிற்கும். கோணலான காலும் ஒழுங்கில்லாத விளிம்பும் கொண்ட இருக்கைக்கு இதைவிடத் தோதான மரம் இந்தப் பக்கம் கிடைப்பது அரிது.

கோணல் மரத்தில் வேலை என்றால் கண்பார்வை போதும், கணக்கு வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நினைத்துச் செய்த முக்காலிதான் ஆடுகிறது, கவிழ்கிறது. நேரான பலகையில் மூலைமட்டம் வைக்க ஓர் ஓரம் இருக்கும். கோணல் மரத்தில் அந்த ஓரம் கிடையாது. அளவெடுக்க வேண்டிய கோட்டை நாமே நூல் பிடித்து உண்டாக்க வேண்டும். மூன்று விஷயம் மட்டும் துல்லியமாக இருந்தாக வேண்டும்: உட்காரும் உயரம், பாதங்கள் தரையைத் தொடும் தளம், காலின் முளை (இருக்கைக்குள் நுழைவதற்காகச் சீவிய மேல்முனை) துளைக்குள் உட்காரும் பொருத்தம். மற்றதை மரத்தின் போக்கிலேயே விடலாம், விடவும் வேண்டும்.

கீழே உள்ள அளவுகள் 16 இஞ்ச் உயர முக்காலி ஒன்றுக்கானவை. முதல் வேலையாக நாற்காலியோ பெஞ்சோ எடுக்காமல் முக்காலியை எடுப்பது நல்லது. மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது. பழைய வீட்டுச் செங்கல் தளத்திலும் தார்சா முற்றத்திலும் ஒன்றுபோல உட்காரும்.

மரம் எடுப்பது

கண்மாய்க்குள் நிற்கும் மரம் பொதுச் சொத்து. அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. ஏலம் எடுத்தவரிடமோ, பட்டா நிலத்தைத் திருத்துபவரிடமோ, விறகுக் கடையிலோ எடைக்கு வாங்கலாம். தேர்ந்தெடுக்க வசதியான இடம் கரிமூட்டம். மண் போட்டு மூடுவதற்கு முன்னால் போனால் எல்லாத் தடிமனிலும் கட்டை குவிந்து கிடக்கும், புரட்டிப் பார்த்து எடுக்கலாம். கனமான அடி உள்ள பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். இந்த முள் ரப்பர்ச் செருப்பைத் துளைத்து ஏறும். முனை சதைக்குள் ஒடிந்து தங்கினால் சீழ் வைத்துவிடும்.

கால்களுக்கு 20 இஞ்ச் நீளத்தில் நான்கு கட்டை (ஒன்று உபரி). பட்டை போக 2 முதல் 2¼ இஞ்ச் விட்டம் வேண்டும். கட்டையின் இரு முனைகளுக்கும் நடுவே நூல் இழுத்துப் பிடித்து, நூலுக்கும் மரத்துக்கும் உள்ள அதிகபட்ச இடைவெளியை அளந்து பாருங்கள். 2 இஞ்ச் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் உட்காரும்போது கால் விற்போல அமுங்கும், பூட்டு தளரும். இன்னொரு சோதனை இதைவிட முக்கியம்: மேல் 4 இஞ்சும் அடி 4 இஞ்சும் ஓரளவு நூலின் போக்கிலேயே இருக்க வேண்டும், கோணல் நடுவில் இருக்கட்டும். ஏன் என்பது முளை சீவும் இடத்தில் வரும்.

வளர்ந்த வளைவும் அறுத்த வளைவும் ஒன்றல்ல. கிளை வளைந்தே வளர்ந்திருந்தால் நாரும் அதோடு சேர்ந்து வளைந்து ஓடும், பலம் முழுதாக இருக்கும். நேர்ப்பலகையில் அதே வளைவை வாளால் அறுத்தெடுத்தால் நார் பாதியில் அறுபட்டு, பாரம் ஏறியதும் அந்த இடத்திலேயே முறியும். ஆலைகள் நேர்க்கால் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தள்ள வேண்டியவை: மாவு உதிரும் கட்டை (வண்டு உள்ளே இருக்கிறது), திருகிக்கொண்டு ஓடும் வெடிப்பு உள்ள கட்டை, பட்டையை உள்ளே வாங்கிக்கொண்ட கவை. கவையின் இரு கிளைக்கும் நடுவே பட்டைக் கோடு தெரிந்தால் அங்கே மரமும் மரமும் ஒட்டவே இல்லை என்று பொருள்.

இருக்கைக்கு 15 இஞ்ச் நீளம், 11 இஞ்ச் ஆழம், 1¾ முதல் 2 இஞ்ச் கனமுள்ள பலகை வேண்டும். இதற்கு 14 இஞ்ச் விட்டமுள்ள அடிமரம் தேவைப்படும். சீமைக் கருவேலத்தில் அவ்வளவு பருமன் பழைய கரைகளில்தான் கிடைக்கும். கிடைக்காவிட்டால் வேம்பிலோ பூவரசிலோ இருக்கையை எடுத்துக்கொண்டு, கால்களை மட்டும் சீமைக் கருவேலத்தில் வைக்கலாம்; நிறம் மாறுபடுவது அழகாகவே இருக்கும். அடிமரத்தின் நடுப்புள்ளி பலகைக்குள் வராதபடி ஒதுக்கி அறுக்கச் சொல்லுங்கள். நடுப்புள்ளி உள்ளே மாட்டினால் அங்கிருந்து வெடிப்பு கிளம்புவது உறுதி. கரையோர மரத்தில் வேலிக் கம்பியும் ஆணியும் புதைந்திருக்கும். மில்லுக்கு எடுத்துப் போகுமுன் காந்தம் வைத்துத் தடவிப் பார்த்துவிடுங்கள். ரம்பத்தின் பல் போனால் அடுத்த முறை உள்ளேயே விட மாட்டார்கள்.

பூச்சியும் வெயிலும்

வெட்டிய அன்றே இரண்டு வேலை. முதலில் பட்டையை முழுக்க உரிப்பது. பட்டைக்கு அடியில்தான் வண்டு முட்டையிடும். இரண்டாவது, அறுத்த முனைகளை அடைப்பது. கட்டையின் ஈரம் பக்கவாட்டில் போவதைவிட முனை வழியாகப் பல மடங்கு வேகமாகப் போகும். சித்திரை வெயிலில் ஒரே பகலில் முனை வாய்பிளந்துவிடும். உருக்கிய மெழுகு, பழைய எமல்ஷன் பெயின்ட், பெவிகால் எதுவானாலும் சரி, கெட்டியாக இரண்டு பூச்சு.

இந்த மரத்தின் வைரத்தைப் பூச்சி அவ்வளவாகத் தொடாது. வெளிர் மஞ்சளாக வெளியே தெரியும் வெளிற்றுப் பகுதியில் மாவுச்சத்து இருப்பதால் துளைவண்டு அங்கேதான் வரும். கால்களில் வெளிறு நிறைய இருக்கும், சீவித் தள்ளினால் கால் மெலிந்துவிடும். ஆகவே மருந்து வேண்டும். 10 லிட்டர் சுடுநீரில் 600 கிராம் போராக்ஸ், 400 கிராம் போரிக் பவுடர் கரைத்து, கட்டை பச்சையாக இருக்கும்போதே மூன்று நாள் முழுக ஊறப்போடுங்கள். எடுத்தவுடன் பாலித்தீன் தாளில் இறுகச் சுற்றி இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். மருந்து ஈரத்தின் வழியாகத்தான் உள்ளே நகரும். ஊறப்போட்டதும் வெயிலில் காயவைத்தால் மேல்தோலோடு நின்றுவிடும், ஒரு வருஷம் கழித்து முக்காலியின் அடியில் வெள்ளை மாவு கொட்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளும் ஆடு மாடும் அண்டாத இடத்தில் தொட்டியை வையுங்கள். இந்த மருந்து நீரில் கரைந்து வெளியேறும் என்பதால் மழையில் நனையும் சாமானுக்குப் பயன்படாது.

பிறகு நிழலில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், காற்று நான்கு பக்கமும் போகும்படி அடுக்கிக் காயவைக்க வேண்டும். கால் கட்டைக்கு இரண்டு மூன்று மாதம், 2 இஞ்ச் பலகைக்கு ஐந்தாறு மாதம் ஆகலாம். நாள் கணக்கை நம்ப வேண்டாம், தராசை நம்புங்கள். ஒவ்வொரு கட்டையிலும் எடையைச் சாக்பீஸால் எழுதி வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு வாரம் எடை குறையவில்லை என்றால் கட்டை காற்றோடு சமமாகிவிட்டது. மதுரைக் கோடையில் வீட்டுக்குள் மரத்தின் ஈரம் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பதினான்கு பதினைந்துக்கு ஏறும். அதனால் கால்களைக் கோடையில் பூட்டுவதுபோலத் திட்டமிடுங்கள்.

இருக்கைப் பலகை

இதற்கு வாச்சி (மரம் செதுக்கும் குறுக்குவாய்க் கருவி) நல்ல கருவி. விளிம்பில் இருக்கும் வெளிற்றை வாச்சியால் செதுக்கிக்கொண்டே வந்தால் வைரம் தொடங்கும் இடம் நிறத்திலேயே தெரியும். அந்த எல்லையை அப்படியே பின்தொடர்ந்தால் மரம் வளர்ந்த ஏற்ற இறக்கம்தான் இருக்கையின் ஓரமாகும். நாமாக வளைவு வரைந்து அறுத்தால் அது கோணலைப்போல நடிக்கும் ஓரமாகிவிடும், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அடிப்பக்கம் கால் வரும் மூன்று இடங்களிலாவது ஒரே தளமாக இருக்க வேண்டும். இரண்டு நேர்க்கோல்களைப் பலகையின் இரு முனையிலும் குறுக்கே வைத்துக் கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள். இரண்டின் மேல்விளிம்பும் இணையாகத் தெரியாவிட்டால் பலகை முறுக்கியிருக்கிறது. உயர்ந்த மூலைகளை இழைப்புளியால் இறக்குங்கள். மேல்பக்கத்தை மட்டமாக்க வேண்டியதில்லை. உட்காரும் இடத்தில் நடு ½ இஞ்ச் பள்ளமாக இருந்தால் மரப்பலகை என்றே தோன்றாது. வாச்சித் தழும்பு லேசாகத் தெரியட்டும், ஆனால் தொடைக்குக் கீழே மேடு நிற்கக் கூடாது.

வெடிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், அது எங்கே போகிறது என்று பாருங்கள். கால் துளை வரும் இடத்தை நோக்கி ஓடும் வெடிப்புள்ள பலகையைத் திருப்பிப் போட்டுத் துளை இடத்தை மாற்றுங்கள். முடியாவிட்டால் அந்தப் பலகையை விட்டுவிடுங்கள். மற்ற வெடிப்பை உடுக்கை வடிவச் சிறு கட்டை பதித்துப் பூட்டலாம். நீளம் 2½ இஞ்ச், இரு முனையிலும் அகலம் 1 இஞ்ச், இடுப்பில் ½ இஞ்ச், ஆழம் ¾ இஞ்ச். கட்டையின் நார் அதன் நீளவாக்கில், வெடிப்புக்குக் குறுக்கே ஓட வேண்டும். நார் மாறிப்போனால் இடுப்பிலேயே ஒடிந்துவிடும். கட்டையை முதலில் செய்து, அதைப் பலகை மேல் வைத்துக் கூரான கத்தியால் கோடிட்டு, கோட்டுக்கு உள்ளே உளியால் தோண்டுங்கள். இயற்கை விளிம்பையும் வெடிப்பையும் மறைக்காமல் வடிவமாகவே ஏற்றுக்கொண்டவர் ஜார்ஜ் நகாஷிமா. 1937 முதல் 1939 வரை புதுச்சேரியில் தங்கி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதிக் கட்டட வேலையைக் கவனித்தவர். பின்னாளில் அமெரிக்காவில் அவர் செய்த மேசைகளுக்கு இந்தப் பூட்டுக்கட்டையே அடையாளமானது. அதை வெடிப்பு இல்லாத இடத்தில் அலங்காரமாகப் பதிக்காதீர்கள். வேலை இல்லாத பூட்டு பொய்.

துளைகளின் இடம்

ஒழுங்கற்ற பலகைக்கு மையத்தை அளந்து கண்டுபிடிக்க முடியாது. ஒரு உருண்டைக் கம்பியின் மேல் பலகையை வைத்து எந்தப் பக்கமும் சாயாத நிலை வரும்வரை நகர்த்துங்கள். கம்பியின் கோட்டைப் பலகையின் கீழ்ப்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள். பலகையைக் குறுக்காகத் திருப்பி அதையே செய்யுங்கள். இரண்டு கோடும் வெட்டும் புள்ளிதான் எடையின் மையம். அதை மேல்பக்கத்துக்கு மாற்றிக் குறியுங்கள். இனி எல்லா அளவும் இந்தப் புள்ளியிலிருந்துதான், விளிம்பிலிருந்து எதையும் அளக்கக் கூடாது.

பலகையின் அகலமான பக்கத்தை முன்னால் வையுங்கள். மையத்திலிருந்து 4 இஞ்ச் ஆரத்தில் வட்டம் வரைந்து மூன்று சம பங்காகப் பிரியுங்கள்: முன்னால் இரண்டு, பின்னால் நடுவில் ஒன்று. துளையின் மையத்துக்கும் அருகிலுள்ள விளிம்புக்கும் 1½ இஞ்சுக்குக் குறையக் கூடாது. கால்கள் 10 செ.மீ. உயரத்துக்கு 3 செ.மீ. வெளியே சாயும். அந்தச் சாய்வில் 16 இஞ்ச் உயரத்துக்குப் பாதங்கள் மையத்திலிருந்து ஏறக்குறைய 9 இஞ்ச் தள்ளி நிற்கும்.

இப்போது கவிழுமா என்று பார்க்க வேண்டும். தரையில் 9 இஞ்ச் ஆரத்தில் மூன்று புள்ளி வைத்து முக்கோணம் போடுங்கள். அதன் மேல் பலகையைச் சரியான திசையில் வைத்தால் முக்கோணத்தின் கோட்டைத் தாண்டிப் பலகை எவ்வளவு நீட்டுகிறது என்று தெரியும். 2 இஞ்சுக்கு மேல் நீட்டினால் அந்த மூலையில் உட்காருபவர் விழுவார். பெரும்பாலும் பின்பக்கத்தின் இரு மூலைகள்தான் இப்படி வரும். மூலையைச் செதுக்கி ஒடுக்கலாம், அல்லது பலகையைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம். காலை இன்னும் அகலமாகச் சாய்ப்பது தீர்வாகாது. நடப்பவர் காலில் இடறும், முளையிலும் திருகல் கூடும்.

பாதத்திலிருந்து முளை வரை ஒரு நூல்

கோணல் காலில் எல்லோரும் தடுமாறும் இடம் இது. கிளையின் மேல்முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதே போக்கில் முளையைச் சீவினால் ஒவ்வொரு காலுக்கும் பாதம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. மூன்று துளையையும் மூன்று கோணத்தில் போட வேண்டிவரும்.

அதற்குப் பதிலாகப் பாதத்தின் நடுப்புள்ளியையும் மேல்முனையின் நடுப்புள்ளியையும் குறித்து, இரண்டுக்கும் நடுவே நூல் கட்டுங்கள். முளையை அந்த நூலின் போக்கில் சீவுங்கள், கிளையின் போக்கில் வேண்டாம். அப்போது கால் நடுவில் எப்படி நெளிந்தாலும் பாதம் முளையின் நேர்க்கோட்டிலேயே இருக்கும். துளைக்குள் காலை எப்படிச் சுழற்றினாலும் பாதம் இடம் மாறாது. மூன்று துளைக்கும் ஒரே சாய்வு போதும், காலின் நெளிவு, அதாவது முழங்கால், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைப் பூட்டும் நேரத்தில் கண்ணால் பார்த்து முடிவு செய்யலாம். மேல் 4 இஞ்ச் நூலோடு ஒத்துப்போக வேண்டும் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். அங்கே கிளை நூலிலிருந்து மிகவும் விலகினால் முளையின் நார் குறுக்கே அறுபட்டுப் பலம் போய்விடும். முளையின் 2½ இஞ்ச் நீளத்துக்குள் விலகல் ½ இஞ்சுக்குள் அடங்கினால் ஏற்கலாம்.

முளையின் விட்டம் 25 மி.மீ., நீளம் 2½ இஞ்ச். முதலில் 27 மி.மீ. வரை உளியாலும் மர அரத்தாலும் இறக்கி நிறுத்திக்கொள்ளுங்கள். முளை முடிந்து கால் தொடங்கும் இடத்தில் சதுரமாக வெட்டி நிறுத்தாமல், ஒரு இஞ்ச் தூரத்துக்கு மெல்லப் பருத்துப் போகும்படி விடுங்கள். சதுர வெட்டு இருந்தால் கால் முறிவது அந்த இடத்தில்தான்.

இனி முளையைக் கூடுதலாகக் காயவைக்க வேண்டும். கடலை வறுக்கிற மாதிரியான பொடி மணலை ஒரு டின்னில் கொட்டி, தணலில் வைத்துச் சுடவைத்து, முளைகளை மட்டும் அதில் ஆறேழு மணி நேரம் புதைத்து வையுங்கள். மணலைத் தொட்டால் கை பொறுக்காத சூடு போதும், முளை பழுப்பேறக் கூடாது. இந்தப் பாடு எதற்கு என்றால், முளை இருக்கையைவிடக் காய்ந்திருக்க வேண்டும். பூட்டிய பிறகு காய்ந்த முளை காற்றிலும் பலகையிலும் இருந்து ஈரம் வாங்கிச் சற்றே உப்பும், பலகை காய்ந்து துளையோடு இறுகும். கால் கழன்று வரும் முக்காலிகளில் பெரும்பாலானவற்றில் நடந்தது இதற்கு நேர்மாறு: ஈரமான முளையைக் காய்ந்த துளையில் அடித்திருப்பார்கள். பெவிகாலை எவ்வளவு ஊற்றினாலும் அது நிற்காது.

மணலில் இருந்து எடுத்ததும் 25 மி.மீ.க்கு இறக்குங்கள். அளவு பார்க்க ஒரு கடினமான துண்டுக் கட்டையில் இருக்கைக்குப் போடப்போகும் அதே பிட்டால் துளை போட்டு, உள்ளே பென்சிலால் கருப்பாகத் தேய்த்து, முளையைச் செருகித் திருகுங்கள். கருப்பு ஒட்டிய இடத்தை மட்டும் அரத்தால் தேயுங்கள். கையால் திருகி முக்கால் பங்கு நுழைந்து, மீதிக்குக் கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) கேட்க வேண்டும். முழுதும் கையாலேயே நுழைந்தால் அந்தக் காலை ஒதுக்கிவிட்டு உபரியை எடுங்கள். இடைவெளியை மரத்தூளும் பசையும் வைத்து அடைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

துளையிடுவது

தகரத்திலோ பிளைவுட்டிலோ 10 செ.மீ. உயரம், 3 செ.மீ. சாய்வு உள்ள முக்கோணம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். எடை மையத்திலிருந்து துளைப் புள்ளிக்குக் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் முக்கோணத்தை நிறுத்தி அதற்கு இணையாக பிட்டைப் பிடியுங்கள். மேலிருந்து துளையிடும்போது டிரில்லின் பிடி மையத்தை நோக்கிச் சாயும், பிட்டின் முனை வெளிப்பக்கம் போகும். அவசரத்தில் இதை மாற்றிப் பிடிப்பது அடிக்கடி நடக்கிறது. முதல் துளைக்கு முன் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

25 மி.மீ. போர்ஸ்ட்னர் பிட் (அடி தட்டையாகத் துளை போடும் பிட்) சுத்தமாக வெட்டும். முதலில் நேராக நிறுத்தி இரண்டு மி.மீ. இறக்கி, பிறகு மெல்லச் சாயுங்கள். சாய்த்தே தொடங்கினால் விளிம்பு கௌவி டிரில் கையை முறுக்கும். வேகம் குறைவாக இருக்கட்டும், அரை இஞ்சுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தூளைத் தள்ளுங்கள். புகை வந்தால் பிட் மழுங்கிவிட்டது. கீழே ஒரு கழிவுப் பலகையை இறுக்கிக் கட்டாவிட்டால் பிட் வெளியேறும் இடத்தில் சில்லு பெயரும். முகமூடி அவசியம், இந்த மரத்தூள் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும்.

பூட்டுவது

பசை இல்லாமல் மூன்று காலையும் செருகி, முக்காலியைத் தூரத்தில் வைத்துச் சுற்றிவந்து பாருங்கள். ஒவ்வொரு காலையும் சுழற்றி நெளிவின் திசையை மாற்றிப் பார்க்க இதுதான் நேரம். மூன்று முழங்காலும் வெளியே பார்த்தால் உறுதியாகத் தெரியும். ஒன்று மட்டும் பக்கவாட்டில் திரும்பினால் நடப்பதுபோல இருக்கும். உள்ளே மடங்கிய முழங்கால் பார்க்கத் துவண்டதுபோல இருக்கிறது, பாரம் தாங்குவதில் குறை இல்லை என்றாலும் தவிர்ப்பதே நல்லது. முடிவானதும் காலிலும் பலகையிலும் சேர்த்து ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு முளையின் தலையிலும் ஆப்புக்கு வாய் அறுக்க வேண்டும். ஆழம் 1¼ இஞ்ச், வாயின் அடியில் 3 மி.மீ. துளை. இந்தத் துளை இல்லாவிட்டால் ஆப்பு இறங்கும்போது பிளவு காலுக்குள் ஓடிவிடும். வாய் இருக்கையின் நாருக்குக் குறுக்கே நிற்க வேண்டும். ஆப்பு முளையை இரண்டு பக்கமும் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் நாரின் நீளவாக்கில் போனால் பலகை தாங்கும், அகலவாக்கில் போனால் பலகை பிளக்கும். செலவழித்த அத்தனை நாளும் இந்த ஒரு கோட்டில் போய்விடலாம். ஆப்பு 1¼ இஞ்ச் நீளம், முளையின் அகலம், தலையில் 5 மி.மீ. கனம், காய்ந்த புளியமரம் அல்லது சீமைக் கருவேல வைரம்.

துளைக்குள்ளும் முளையிலும் மெல்லப் பசை தடவி, இருக்கையைக் கவிழ்த்துப் போட்டுக் காலை அடியுங்கள். முளை முழுதும் இறங்கியதும் அடியின் ஓசை மாறும். மந்தமான சத்தம் இறுகிக் கணீரென்று வரும். அதற்கு மேல் அடிக்காதீர்கள். நிமிர்த்தி ஆப்பை இறக்குங்கள். ஒரு நாள் விட்டு, மேலே நீட்டும் பகுதியை 2 மி.மீ. விட்டு அறுங்கள். பலகை கனத்திலும் சுருங்கும் என்பதால் முதல் வருஷத்தில் முளை இன்னும் கொஞ்சம் மேலெழும்பும். ஒரு மழையும் ஒரு கோடையும் கழிந்தபின் சமமாக இழைத்தால் பிறகு எழும்பாது. அதுவரை முளையின் தலையை உப்புத்தாளால் உருட்டி வைத்தால் துணியில் மாட்டாது.

பாதம் அறுப்பது

கிரானைட் மேடை போன்ற மட்டமான இடத்தில் முக்காலியை நிறுத்துங்கள். உயரம் தாழ்ந்த கால்களுக்கு அடியில் சிறு ஆப்புகள் செருகி, இருக்கையின் மேல் நேர்க்கோல் ஒன்றைப் போட்டு ரசமட்டம் வைத்து இரண்டு திசையிலும் மட்டமாக்குங்கள். மேல்பக்கம் ஏற்ற இறக்கமாக இருப்பதால் கோல் உயர்ந்த புள்ளிகளில்தான் நிற்கும், அது போதும். இப்போது நேர்க்கோலின் அடிவிளிம்புக்கும் மேடைக்கும் உள்ள உயரத்தை அளந்து அதிலிருந்து 16-ஐக் கழியுங்கள். மீதி எவ்வளவோ அவ்வளவு உயரமுள்ள ஒரு கட்டையைச் செய்து, அதன் மேல் பென்சிலைப் படுக்கவைத்து மூன்று காலையும் சுற்றிக் கோடு போடுங்கள். கால் சாய்வாகவும் நெளிவாகவும் இருப்பதால் கோடு கோணல் முட்டைபோல் வரும்; கண்ணை நம்பித் திருத்தாமல் கோட்டிலேயே அறுங்கள். விளிம்பை 3 மி.மீ. மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் இழுக்கும்போது சில்லு பெயரும்.

எண்ணெய்

உப்புத்தாள் 80, 120, 180 போதும். அதற்கு மேல் தேய்த்தால் வாச்சியின் தடம் அழிந்து கடையில் வாங்கிய சாமான் போலாகிவிடும். முதல் பூச்சுக்கு டபுள் பாயில்டு லின்சீட் ஆயிலும் டர்பன்டைனும் சம அளவு. அரை மணி கழித்து ஒட்டாததைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். இரண்டு நாள் இடைவெளியில் தனி எண்ணெய் இரண்டு பூச்சு. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். காயும்போது அதுவாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி எடுத்துப் போடுங்கள். பாதத்தின் அடியில் மட்டும் எண்ணெய் குடிப்பது நிற்கும்வரை பூசிக்கொண்டே இருங்கள். வீடு கழுவும்போது தண்ணீர் ஏறுவது அங்கேதான்.

ஆறு செய்தால்

ஒரு வீட்டுக்கோ டீக்கடைக்கோ ஆறு முக்காலி வேண்டுமென்றால் ஒன்றைப்போல ஒன்று இருக்க வேண்டியதில்லை, ஆனால் உறவு தெரிய வேண்டும். நாற்காலித் தயாரிப்பாளர் மிகேல் தோனெட் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி ஆறு மரத் துண்டில் அடங்கியது. எந்தத் துண்டும் எந்த நாற்காலிக்கும் பொருந்தும். அந்த வசதி உண்மையான நன்மை, அதை விட வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், இத்தாலிய வடிவமைப்பாளர் கேத்தனோ பெஷே 1984-இல் ஒரே அச்சில் ஒன்பது நாற்காலி வார்த்தார். ஒவ்வொன்றுக்கும் பிசினின் கடினத்தை மாற்றினார். முதல் நாற்காலி தன்னாலேயே நிற்க முடியாமல் சரிந்தது, கடைசியில் வந்தவை உட்கார முடியாத அளவுக்கு விறைத்தன. எதை மாற்றுவது, எதை மாற்றாமல் வைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்ததால்தான் அது பரிசோதனையானது.

இங்கேயும் அப்படியே. மாறாதவை: உயரம் 16 இஞ்ச், துளை வட்டம் 4 இஞ்ச், சாய்வு 10-க்கு 3, முளை 25 மி.மீ. மாறுபவை: இருக்கையின் வெளிக்கோடு, நெளிவு, நிறம், எந்த மரம் என்பது. இந்த நான்கு அளவும் பிசகாமல் இருந்தால் எந்தக் காலும் எந்த இருக்கைக்கும் போகும். கால் ஒன்று முறிந்தால் அதை அடியோடு அறுத்துவிட்டு, துளைக்குள் இருக்கும் மிச்சத்தை 22 மி.மீ. பிட்டால் அதே சாய்வில் துருவி, ஓரத்தில் ஒட்டியிருப்பதைச் சிறு உளியால் சுரண்டி எடுங்கள். 25 மி.மீ. பிட்டைத் திரும்ப ஓட்டினால் துளை அகன்றுவிடும். சுத்தமான துளைக்கு, மணலில் காய்ந்து தயாராக இருக்கும் உபரிக் காலை எடுத்துப் பென்சில் கருப்பு வைத்துப் பொருத்தம் பார்த்து அடிக்கலாம். உபரிக் கால்களை நூல் கட்டிய நிலையிலேயே, முளையைப் பாலித்தீனில் சுற்றி, பரணில் வைத்திருங்கள்.